இன்னும் ஒரு சுற்று

பந்தயக் கார் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருபதாவது சுற்றில் ஓரத்துக் கொட்டகைக்குள் போய் டயர் மாற்றுவதாகத் திட்டம்.

"ரொம்பத் தேஞ்சுட்டியே, உள்ளே போயிடலாமா?" என்று பின்பக்க டயரிடம் கார் கேட்டது.

"இன்னும் ஒரு சுற்று தாங்குவேன்," என்றது டயர். உள்ளே போனால் தன்னைக் கழற்றிவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும். உடம்பெல்லாம் அதிர்ந்தும், முதலிடத்தை விட மனமில்லாமல் காரும் நம்பியது. அடுத்த ஐந்து சுற்றும் இதே பேச்சு. ஆறாவதில், வளைவில் டயர் வெடித்தது.

பந்தயத்திலிருந்து விலகிய காரைக் கட்டி இழுத்துவந்து கொட்டகையில் நிறுத்தினார்கள். ஓடுபாதையில் நல்ல பிடிப்புக்காக மின்போர்வைக்குள் சூடேறிக் காத்திருந்த புது டயர் துள்ளியது.

"வந்துட்டீங்களா அண்ணே! நான் தயார். இன்னும் எத்தனை சுற்று இருக்கு?"



"முப்பது," என்றது கார்.

யாரோ வந்து போர்வையின் சுவிட்சை அணைத்தார்கள்.