திங்கட்கிழமைக்குப் பிறகு

நிவெஸ் சதுக்கத்துக்கு வந்தபோது அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

இந்தப் பக்கம் ஸ்லோவேனியா, அந்தப் பக்கம் இத்தாலி. அப்பாவும் நிவெஸும் இருக்கும் வீடு இங்கே. அம்மா இருக்கும் வீடு அங்கே. நடுவில், மார்ச் மாதம் கொரோனா பயத்தில் போட்ட இரும்பு வலை.

ஆள் உயரம் இருக்கும். ஆனாலும் சாயங்காலமானால் ஊரே அதன் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு சீட்டுக்கட்டோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சீட்டைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி விளையாடுவார்கள். ஒரு காதல் ஜோடி வலையில் கன்னத்தைப் பதித்து நிற்கும். போலீஸ்காரர் வந்து தள்ளி நிற்கச் சொல்வார். அவர் தலை மறைந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்துடி. நீயெல்லாம் காலேஜ் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்றாள் அம்மா.

நிவெஸ் ஏற்றிக்கொண்டாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மெல்ல இறக்கிவிட்டாள். காற்று இத்தாலியிலிருந்து அடித்தது. அதில் அம்மாவின் சோப்பு வாசனை இருந்தது.

அன்று காலை அவளுக்கு நவீன ஐரோப்பிய வரலாற்றில் வாய்மொழித் தேர்வு. லுப்லியானா பல்கலைக்கழகம் மூடிக்கிடந்ததால், வீட்டுச் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். காபி போட வந்த அப்பா, சத்தம் கேட்கக்கூடாதென்று கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

கடைசிக் கேள்வி பாடத்தில் இல்லாதது. நோய், கூடிக்கொண்டே போகும் வெயில், வாசலில் வந்து நிற்கும் அகதிகள். இவற்றில் எது இன்றைய ஐரோப்பாவுக்குப் பெரிய சவால் என்று பேராசிரியர் கேட்டார்.

எதுவுமில்லை, பயம்தான் என்றாள் நிவெஸ். பயம் வந்ததும் ஒவ்வொரு நாடும் முதலில் செய்வது கதவைச் சாத்துவது. ஆனால் இதில் எதையும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சமாளிக்க முடியாது. 1947-இல் எல்லைக்கோடு போட்டவர்கள் பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தையே இரண்டாக வெட்டியதைச் சொன்னாள். 2004-இல், பழைய வேலி போன பிறகு இதே சதுக்கத்தில் நடந்த கொண்டாட்டத்தைச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு ஐந்து வயது. ஒருவர் தோளில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்த்தாள்.

யார் தோள் என்று பேராசிரியரிடம் சொல்லவில்லை.

பத்துக்குப் பத்து கிடைத்தது.

அதையெல்லாம் இப்போது வேலி வழியே சொல்லி முடித்தபோது அம்மா சிரித்தாள். அன்றைக்கு முழுக்க நிவெஸ் அம்மாவின் தோளில் உட்கார்ந்து அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள் என்றாள். கழுத்து வலி ஒரு வாரம் போகவில்லையாம்.

அந்த முடி இப்போது பாதி நரைத்திருந்தது. சாயம் பூச ஆளில்லாமல் நரைத்ததா, அதற்கு முன்பே நரைத்ததா என்று நிவெஸுக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. வலைக்குள் விரலை விட்டால் அந்தத் தலையைத் தொட்டுவிடலாம். போலீஸ்காரரும் பக்கத்தில் இல்லை.

அவள் விரல் வலைவரைக்கும் போய், அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் சீட்டாடிய கிழவர்களில் ஒருவர் எழுந்து செய்தியைக் கத்திச் சொன்னார். திங்கட்கிழமை வேலியை எடுக்கிறார்களாம். ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம்.

இரண்டு பக்கமும் கைதட்டல். யாரோ பாட்டிலைத் திறந்தார்கள். காதல் ஜோடியில் அந்தப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா கைதட்டவில்லை. அவளுக்குச் செய்தி முன்பே தெரிந்திருக்க வேண்டும். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது, "எடுத்ததுக்கு அப்புறமும் வருவியா கண்ணு?" என்று கேட்டாள்.

காலையில் எந்தக் கேள்விக்கும் தடுமாறாத நிவெஸ் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டாள்.

அம்மா அப்பாவை விட்டுவிட்டு எட்சியோ என்பவரோடு இந்தச் சதுக்கத்தைத் தாண்டிப் போய் நான்கு வருடம் ஆகிறது. பத்து நிமிட நடை. நடுவில் வேலியும் இல்லை, காவலும் இல்லை, பாஸ்போர்ட் கேட்பாரும் இல்லை. அந்த நான்கு வருடத்தில் நிவெஸ் ஒருமுறைகூட அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அம்மா வந்து நின்ற நாட்களில் வாசல் கதவையும் திறந்ததில்லை.

வேலி போட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றுதான், என்னவோ தோன்றி, முதல்முறையாக ஓடிவந்தாள். வேலி இருந்ததால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டியிருக்கவில்லை. எட்சியோவின் மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கவில்லை. கட்டிப்பிடிக்காததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

அம்மா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வரேம்மா" என்றாள் நிவெஸ்.

"நாளைக்கு இன்னும் வேலி இருக்குமே" என்றாள் அம்மா.