இடிக்காத நிலைப்படி

இந்தக் கோயிலுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று அவன் சொன்னான்.

அவளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

வெளி மண்டபத்தில் இரு வீட்டாரும் பூத்தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண் பார்த்தாகிவிட்டது. இருவரும் தனியாக ஒரு சுற்று போய் வருவதற்குள் சரியா, வேண்டாமா என்று அவள் முடிவு செய்யவேண்டும்.

"தூணைப் பாத்துக்கிட்டு நின்னுடாதடி. பையனையும் கொஞ்சம் பாரு" என்று அம்மா காதோரம் சொல்லி அனுப்பினாள்.

பையன் விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாந்தே இல்லாம எப்படிங்க நிக்குது?"

அவளுக்குப் பிடித்த கேள்வி. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்ளே நீண்டிருக்கும், நீண்ட முனை கீழே சாயப் பார்க்கும், அதன் பின்பாதியில் ஏறி உட்கார்ந்திருக்கும் எடை சாய விடாது என்று சொன்னாள்.

அழகாகத் தலையாட்டினான்.

எடை என்று அவள் சொல்வதற்கு முன்பே.

யாரிடமோ ஏற்கெனவே கேட்டவன் போல.

கருவறைக்குப் போகும் வழிக்கு வந்தார்கள். கட்டியவர்கள் கண்ணின் தாமதத்தைக் கணக்கில் வைத்திருந்தார்கள். வெயிலிலிருந்து நுழைகிறவருக்குக் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. அந்த இருட்டில் உயரமாக ஒரு கல் நிலைப்படி. புதிதாக வருகிறவர்கள் அதில் காலை இடித்துக்கொள்வார்கள். வலியில் குனிவார்கள். குனிந்ததால், மேலே தாழ்ந்திருக்கும் உத்தரம் தலையில் படாது.

அவன் இடித்துக்கொள்ளவில்லை.

பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வைத்தான். தலையைத் தாழ்த்தினான்.

முதல் தடவையாம்.

பெண் பார்க்க வந்து எத்தனை பெண்களுக்கு இதே விதானத்தைக் காட்டியிருப்பான்? அவர்கள் வேண்டாம் என்றார்களா, இவன் சொன்னானா? என்ன குறை? யாரிடம்?

சிரித்த முகமாகப் பொய் சொல்கிறவனோடு ஒரு வாழ்நாள்.

'வேண்டாம்' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே உள்ளே போனாள்.

அவன் பேச்சு நின்றது.

திரும்பினான். அவள் பாதங்களைப் பார்த்தான். பிறகு அவள் தலைக்கு மேலிருந்த உத்தரத்தை.

"உங்களுக்கும் இடிக்கலையே?"

அவள் குனிந்து படியைப் பார்த்தாள்.

கண் இருட்டுக்குப் பழகிவிட்டது. அவன் முகத்தில் அதே கேள்விகள் ஒவ்வொன்றாக ஓடுவது தெரிந்தது. எத்தனை பேர். யார் வேண்டாம் என்றது.

"என்னம்மா, சுத்தி வந்தாச்சா?" வெளியே அவனுடைய மாமா குரல் கொடுத்தார்.

"இல்ல மாமா," என்றாள் அவள். "இன்னொரு சுத்து இருக்கு."