அஞ்சலையின் துவைகல்

எரிமலையின் அடிவாரத்தில், அஞ்சலை வீட்டுத் துவைகல்லுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கருவியைப் புதைத்துவிட்டுப் போனார்கள். மலை அசைந்தால் கடலுக்கு அப்பால் அவர்கள் அறையில் கோடு துள்ளும். அங்கிருந்தே பொத்தானை அழுத்தி இந்த ஊரின் அபாயச் சங்கை ஊதவைப்பார்கள். ஆனால் பாருங்கள் கண்ணுகளா, அஞ்சலை துணி அடித்தாலும் அந்தக் கோடு துள்ளியது. அவளுடைய போர்வைக்குப் பயந்து ஊரே இரண்டு தடவை ஓடியது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் துவைக்குமுன் அவள் போன் செய்வாள். அங்கே நம் பாஷை தெரிந்த ஞானசீலன், துள்ளும் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதிவிட்டுச் சும்மா இருப்பான்.

அன்றும் சொன்னாள். "தம்பி, வளையல கழட்டிக் கல்லுமேல வச்சாச்சு. இன்னிக்கு ரெண்டு போர்வை."

"மெல்ல அடிங்கக்கா. போன தடவை உங்ககிட்ட மலையே தோத்துப்போச்சு."

கொஞ்ச நேரத்தில் கோடு துள்ளியது. அது துள்ளத் துள்ள 'அஞ்சலை, அஞ்சலை' என்று எழுதிக்கொண்டே போனான். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அவளே கூப்பிட்டாள்.

"கோவிச்சுக்காத தம்பி. ஊத்துல தண்ணி வத்திக் கெடக்கு. இன்னும் துணியே நனைக்கல."

"அப்ப யாருக்கா கல்லுல அடிக்கிறது?"

"இங்க யாரும் இல்லியே."

அவள் பேச்சை நிறுத்தியதும், கல்லின்மேல் வளையல்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் போனில் கேட்டது.

ஞானசீலன் பொத்தானை அழுத்தினான். தாளில் கால் மணி நேர நீளத்துக்கு அஞ்சலையின் பெயர் இருந்தது.