ப்ளக்கைப் பிடுங்கியவள்

“எவம்ல இதுல கை வச்சது?”

மேனேஜர் தங்கப்பாண்டி போட்ட சத்தத்தில், காட்டுப்பள்ளி சாலையில் இருந்த அந்தக் கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீஸ் கப்சிப் ஆனது.

பன்னிரண்டு கம்ப்யூட்டர். பன்னிரண்டிலும் திரையின் கீழ்ப்பட்டையில் லாரிப் படம் இல்லை, கிரேன் படம் இல்லை, சாவிப் படம் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் காகிதம். லாரியை அழுத்தினால் உள்ளே வரும் பாஸ், சாவியை அழுத்தினால் வெளியே போகும் பாஸ். படத்தைப் பார்த்து அழுத்தித்தான் எல்லோருக்கும் பழக்கம். உள்ளே வரவேண்டிய இரண்டு வண்டிக்கு அதற்குள் வெளியே போகும் பாஸ் அடித்தாகிவிட்டது. டிரைவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை.

“வண்டி அரை மைலுக்கு நிக்கி. செங்குட்டுவன், நீருதான சிஸ்டம் ஆளு? என்னவே இது?”

செங்குட்டுவனுக்கு வேர்த்துக் கொட்டியது. நேற்று சாயங்காலம் பழைய ஐகான்களை அழித்துவிட்டுப் புதுசாக, பளபளவென்று போட்டது அவன்தான். யாரும் கேட்கவில்லை. வேலை நிரந்தரமாகிற நேரம், மேலே இருப்பவர்கள் கண்ணில் படட்டுமே என்று செய்தது. தன்னுடைய கம்ப்யூட்டரில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பெருக்கித் துடைக்கும் கன்னியம்மா மாப்பும் வாளியுமாக வாசலில் வந்து நின்றாள்.

“நேத்து சாயங்காலம் பெருக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கியிருப்பாங்க சார். அதான் எல்லாம் கெட்டுப்போச்சு.”

செங்குட்டுவனின் வாய் சொல்லி முடிப்பதற்குள் அவன் விரலும் அவள் பக்கம் நீண்டுவிட்டது.

கன்னியம்மா அவனையே பார்த்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவன் வீட்டுக்கு ஒரு மாடி கீழே இருப்பவள். ஆபீஸில் மட்டும் இருவருக்கும் அறிமுகமே கிடையாது. அது அவன் செய்த ஏற்பாடு. வியாசர்பாடி என்றால் மட்டமாகப் பார்ப்பார்களோ என்று, கூட வேலை செய்பவர்களிடம் வீடு பெரம்பூர் என்று சொல்லி வைத்திருந்தான். அவளும் ஒருநாள் கூட மாற்றிச் சொன்னதில்லை. ஊருக்கு முன்னால் அவனை “சார்” என்றுதான் கூப்பிடுவாள்.

“ஆமா சார், கை பட்டுடுச்சு. தெரியாம பண்ணிட்டேன்” என்றாள்.

“நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா. வேற ஆள் அனுப்பச் சொல்லுதேன்” என்றார் தங்கப்பாண்டி.

அவள் மாப்பைப் பிழிந்து காயப் போட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பத்தே நிமிஷத்தில் செங்குட்டுவனுக்குக் காரணம் பிடிபட்டது.

யார்டில் பெட்டிகளை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, எது எங்கே என்ற பட்டியலை மாற்றாமல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அதேதான். ஒவ்வொரு தடவையும் படத்தைத் தேடி அலையாமல் இருக்க, அந்தக் கம்ப்யூட்டர்களை இயக்கும் லினக்ஸ் ‘ஐகான் கேஷ்’ என்று ஒரு பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்ளும். படத்தை மாற்றினால் அதையும் புதுப்பிக்க வேண்டும். தன் கம்ப்யூட்டரில் புதுப்பித்த இந்த மகாராஜன், மற்ற பன்னிரண்டிலும் மறந்துபோனான். ப்ளக்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரே வரிக் கட்டளை. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அடித்தான். லாரி வந்தது, கிரேன் வந்தது, சாவி வந்தது.

தங்கப்பாண்டி அவன் தோளில் தட்டினார். “கெட்டிக்காரன்வே நீரு! உம்மை நிரந்தரம் பண்ணச் சொல்லி இன்னைக்கே எழுதிருதேன்.”

“சார்…”

“என்னவே?”

“ஒண்ணுமில்ல சார்.”

பக்கத்து சீட்டு ஜெனி, “பாவம் அந்தக்கா. போகும்போது கூட என் டீ டம்ளரைக் கழுவி வச்சிட்டுப் போனாங்க” என்றாள். மதியம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படி இறங்கும்?

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவன், தன் மாடிக்கு ஏறாமல் கன்னியம்மா வீட்டு வாசலில் நின்றான். கதவைத் தட்டத் துணிச்சல் இல்லை. அவளே பார்த்துவிட்டாள்.

“இன்னா நைனா, அங்கியே நின்னுகினு கீறே? உள்ள வா.”

“யக்கா, ப்ளக்குலாம் ஒண்ணுமே இல்ல. தப்பு என்னுது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, சொல்ல வாய் வரல. என்னை நெனச்சா எனக்கே கேவலமா கீது. நாளைக்கு மேனேஜராண்ட…”

“ஒண்ணும் சொல்லாத. தொடப்பம் எந்தக் கம்பெனிலயும் குடுப்பான். இந்த பிளாக்குல கம்ப்யூட்டர் முன்னாடி குந்திகினு கீறது நீ ஒருத்தன்தான்.”

அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

“நான் சொன்னதக் கேட்டு, நெஜமாவே உன் கைதான் பட்டுடுச்சுன்னு நீயும் நம்பிட்டே இல்லக்கா?”

கன்னியம்மா சிரித்தாள்.

“கை எப்டி நைனா படும்? நேத்து பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன், முழுநாள் லீவு. அத சொல்லியிருந்தா, உங்க மேனேஜரு அடுத்தாப்ல யாரப் பாத்திருப்பாரு?”