யாகப்பன் விட்ட பெயர்

கல்லறைத் திருநாளன்று சேரப்பணஞ்சேரியில் ஒரு வழக்கம். அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை உபதேசியார் யாகப்பன் வாசிப்பார். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி சொல்வார். அந்தந்த வீட்டார் முன்னால் வந்து மெழுகுவர்த்தி வாங்கிக்கொள்வார்கள்.

இந்த வருடம் ஆறு பெயர்கள். செல்வமேரியின் மகன் வில்சனைச் சேர்த்தால் ஏழு. மார்ச் மாதம் கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கு ஷிப்ட்டுக்குப் போனவன் திரும்பவேயில்லை.

"எம்புள்ள வருவான். அவன் பேரு அந்த நோட்டுல இருந்துச்சு, கிழிச்சு உன் வாயிலயே திணிச்சிடுவேன், ஆமா!" என்று காலையிலேயே அவள் சொல்லிவிட்டாள். யாகப்பன் எழுதவில்லை. மாலையில் கல்லறைத் தோட்டத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினார்.

"சாம்ராஜ். எந்த வூட்டு மோட்டார் நின்னாலும் கூப்புடாமலே வந்து நிப்பான்."

"லிடியா. கோயில் பாட்டுல எப்பவும் ஒரு வரி முந்திக்கினு போவா."

கூட்டம் சிரித்தது, அழுதது. ஆறாவது பெயரோடு அவர் நோட்டை மூடினார்.

"இன்னா மாமா, என் பேர வுட்டுட்டியே?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தது வில்சனின் குரல்.

"உங்கம்மாதான்டா எழுத வேணான்னுச்சு" என்றபடி யாகப்பன் நிமிர்ந்தார். பின்னால் கல்லறைகள்தான் இருந்தன.

எட்டு மாதமாக அந்தக் குரலுக்காகவே காத்திருந்த செல்வமேரி திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"ஒரு மெழுகுவத்தி குடுண்ணே."