இரண்டு பாட்டில்

வாந்தி எடுக்க கஸ்பார் டீக்கடைக்குப் பின்னால் ஓடிய நேரம் பார்த்து, அமீருதீன் அவன் பைக்குள் கையை விட்டார். மருந்து பாட்டிலைத் திறந்து, மாத்திரைகளைத் தன் கைக்குட்டையில் கொட்டிக்கொண்டார். பிறகு தன் பாட்டில் மாத்திரைகளை அதில் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

இருவருக்கும் ஒரே வியாதி, லட்சத்தில் ஒருவருக்கு வரும் ரத்தப் புற்றுநோய். தண்டையார்பேட்டை குடோன்காரரையும் ராயபுரம் ஹார்பர் தொழிலாளியையும் தோஸ்து ஆக்கியதே அந்தப் பாழாய்ப்போன வியாதிதான். ஆஸ்பத்திரியில் புது மருந்து சோதிக்கிறார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே போன்ற மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

அமீருதீனுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா பாய், உனுக்கு ஒண்ணும் பண்லியா?" வாயைத் துடைத்தபடி வந்தான் கஸ்பார். "ஒரு வாய் கஞ்சி குட்ச்சாகூட எனுக்கு வெளிய வந்துடுது."

"எனுக்கு நல்லா பசிக்குது நைனா. உனுக்கும் சரியாப் பூடும், பாரு."

தன் பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். கஸ்பாரின் மகள் சாண்ட்ரா இப்போதுதான் ஒன்பதாவது படிக்கிறாள். சாவை நினைத்தால் அமீருதீனுக்கும் பயம்தான். இருந்தும் ஆஸ்பத்திரியில் புது பாட்டில் கொடுக்கும்போதெல்லாம் மாதம் தவறாமல் மாற்றினார்; மாத்திரைக் கணக்கில் மாட்டாமலிருக்க கஸ்பாரின் மாத்திரைகளைத் தான் விழுங்கினார்.

பத்தே நாளில் கஸ்பாருக்கு வாந்தி நின்றது. "மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு பாய்" என்று பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அமீருதீனுக்குக் குமட்டல் தொடங்கியது. மருந்தை விட்டால் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

ஐந்தாம் மாதம் கஸ்பார் இறந்தான். காசிமேட்டுக் கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று அமீருதீன் விம்மி விம்மி அழுதார். அதன் பிறகு கடமைக்குத் தன் பாட்டில் மாத்திரையையே விழுங்கிவந்தார்.

சோதனை முடிந்ததும் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். அமீருதீனின் ரிப்போர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல அஞ்சு மாசம் உங்க நோய் அப்படியே இறங்கியிருக்கு பாய். அப்புறம் மறுபடி ஏறுது. எப்படின்னுதான் புரியல."

"இன்னா புரியல டாக்டர்?"

"உங்களுக்கு நாங்க கொடுத்தது வெறும் மாவு மாத்திரை."