நரியின் மூன்று பந்துகள்

“டேய் டோபின், இந்தத் தடவையாவது ஒரு அடி அடி. இல்லேன்னா சாயங்காலமே பெட்டியைக் கட்டிடு!”

பயிற்சியாளர் ஹேன்லன் போட்ட சத்தம் எதிரணி வரைக்கும் கேட்டது. டோபின் பேஸ்பால் மட்டையை எடுத்துக்கொண்டு நடந்தான். வெட்கமாக இருந்தது.

ஒன்பதுக்கு ஒன்று. அவன் அடித்தாலும் அணி தோற்கத்தான் போகிறது. அடிக்காவிட்டால் அவன் பிழைப்பும் சேர்ந்து போகும். முப்பத்து மூன்று வயது. பதினோரு வருடமாகச் சின்னச் சின்ன ஊர் அணிகளில் அலைச்சல். மனைவி விட்டுப் போய் நாலு வருடம். கைதட்டும் கூட்டத்தில் அவனுக்கென்று ஒரு ஆள் கிடையாது.

பந்தெறியும் மேட்டில் நின்றவனைப் பார்த்ததும் டோபின் நடையைக் குறைத்தான். ராஸ்கோ!

ஒரே அறையில் மூன்று வருடம் தங்கியவர்கள். ராஸ்கோவுக்கு இந்தப் பெரிய எதிரணியில் இடம் கிடைத்தபோது, பொறாமை தாங்காமல் பேச்சை நிறுத்தியவன் டோபின்தான். இப்போது பழி வாங்க ராஸ்கோவுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

“என்னண்ணே, முகம் செத்துப்போச்சு?” மட்டைக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருந்த எதிரணி கேட்சர் பீட்டோ சீண்டினான்.

“வாயை மூடுடா. உங்க நரியைப் பத்தி எனக்குத் தெரியும்.”

நன்றாகவே தெரியும். ராஸ்கோ ஒரே மாதிரிப் பந்தை அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டதே இல்லை. வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று, வளைந்து ஒன்று என்று அடிப்பவன் புத்தியைக் குழப்பியே மூன்று பந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவான்.

எந்தப் பந்தைப் போடலாம் என்று பீட்டோ விரலால் ஏதோ சைகை காட்டினான். ராஸ்கோ மாட்டேன் என்று தலையசைத்தான். ‘ஆரம்பிச்சுட்டான் வேலையை’ என்று நினைத்தான் டோபின். முதல் பந்து வெளியேதான் போகும், தொடவே கூடாது.

பந்து நேராக நடுவில் வந்து போனது. அப்படி மூன்றைத் தவறவிட்டால் அவுட். ஒன்று.

மறுபடி சைகை. மறுபடி தலையசைப்பு. சரி, அடுத்தது மெதுவான பந்து. டோபின் பொறுத்து நின்றான். அதுவும் விறுவிறுவென்று நடுவிலேயே வந்தது. அவசரமாக வீசிய மட்டை காற்றைத்தான் அடித்தது. இரண்டு.

மூன்றாவது சைகைக்கும் ராஸ்கோ மாட்டேன் என்றே தலையை ஆட்டினான். இனி சந்தேகமே இல்லை. நடுவில் வருவதுபோல் ஆசை காட்டிவிட்டுக் கடைசி நொடியில் தரையைப் பார்த்து வளையும். எத்தனை பேர் அதற்குப் பலியானதைப் பார்த்திருக்கிறான்! நானா ஏமாறுவேன்?

பந்து வந்தது. டோபின் மட்டையை அசைக்கவில்லை.

பந்து வளையவும் இல்லை.

“அவுட்!” என்றார் நடுவர்.

ஒரு மணி நேரத்தில் ஹேன்லன் கணக்கு முடித்துக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த டோபின், எதிரணியின் பஸ் அருகே பீட்டோவைப் பார்த்தான்.

“போய் உங்க நரிகிட்ட சொல்லு, பழி வாங்கிட்டான்னு. மூணு தடவையும் ஒரே பந்து! எவனுக்குடா அப்படி ஒரு புத்தி வரும்?”

பீட்டோ சிரிக்கவில்லை. “பஸ்ஸுக்குள்ள தனியா உட்கார்ந்து அழுதுட்டு இருக்காரு.”

“ஜெயிச்சவன் எதுக்கு அழணும்?”

“மூணு தடவையும் நான் வளைச்சுப் போடச் சொன்னேன், அவர் கேக்கலை. ‘அவனுக்கு இன்னைக்கு ஒரு அடி வேணும்டா, அடிச்சுட்டுப் போகட்டும்’னு எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தாண்ணே, மூணையும் உங்க மட்டைக்கு நேராப் போட்டாரு.”